வில்சன் ‘தி டியூக்’: பெட்டியைப் பிரித்ததும் எறிய வேண்டிய பந்து அல்ல

2015 செப்டம்பர் 13, ஃபுளோரிடாவின் டாம்பா. அமெரிக்கக் கால்பந்தில், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜேமிஸ் வின்ஸ்டனும் இரண்டாவதாக எடுக்கப்பட்ட மார்கஸ் மரியோட்டாவும் எதிரெதிர் அணியில் நின்று தங்கள் முதல் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) ஆட்டத்தை ஆடினார்கள். வின்ஸ்டன் எறிந்த முதல் பாஸையே, மரியோட்டா ஆடிய டென்னசி டைட்டன்ஸின் வீரர் பறித்து, அப்படியே ஓடி எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் ஆக்கிவிட்டார். மரியோட்டா இடைவேளைக்குள் நான்கு டச்டவுன் பாஸ் போட்டு முடித்திருந்தார். டைட்டன்ஸ் 42–14 என்று ஜெயித்தது.

இருவர் கையிலும் இருந்தது வில்சன் நிறுவனத்தின் ‘தி டியூக்’. ஒரே தொழிற்சாலை, ஒரே வகைத் தோல், ஒரே அளவு. ஆனாலும் ஒரே பந்து என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு அணியும், பாஸ் எறியும் ஆட்டக்காரரான தன் குவாட்டர்பேக்கின் கைக்கு ஏற்றபடி தேய்த்துப் பழக்கிய பந்துகளைத்தான் தன் முறை வரும்போது ஆட்டத்தில் இறக்குகிறது. (அந்த 42–14-ஐப் பந்தின் தலையில் கட்டுவதாக நினைக்க வேண்டாம். முதல் ஆட்டம் ஆடுகிறவனுக்குப் பந்தைவிடப் பெரிய தலைவலிகள் நிறைய உண்டு.)

கடையில் விற்கும் டியூக்கை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுதான். டி.வி.யில் பார்க்கும் பந்தும் பெட்டியில் வரும் பந்தும் ஒரே சரக்கு. ஆனால் நடுவில் சில மணி நேரக் கைவேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்யப் பொறுமை உள்ளவருக்கு இதைவிட நல்ல பந்து கிடையாது. இல்லாதவர் நூறு டாலருக்கு மேல் கொடுத்து, கையில் நிற்காத ஒரு பந்தை வாங்கியிருப்பார்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். 1941 முதல் என்.எஃப்.எல்.லுக்குப் பந்து செய்துகொடுப்பது வில்சன்தான். 1955 முதல் ஒஹையோ மாநிலத்தின் ஏடா என்ற சிற்றூரில் உள்ள தொழிற்சாலையில் தயாராகிறது. தோல் சிகாகோவின் ஹார்வீன் பதனிடும் ஆலையிலிருந்து வருகிறது. பன்றித்தோல் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள், மாட்டுத்தோல்தான். ‘டியூக்’ என்பது நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த வெலிங்டன் மாராவுக்குச் சின்ன வயதில் வீரர்கள் வைத்த செல்லப்பெயர். 1969 வரை பந்தில் இருந்த அந்தப் பெயர் காணாமல் போய், அவர் இறந்த மறு ஆண்டு, 2006-இல் திரும்ப வந்தது.

நான்கு பேனல்களை (தோல் துண்டுகளை) உள்புறம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்து, நீராவியில் இளக்கி, மேலே கோக்கும் கயிறான லேஸ் போடும் பிளவு வழியாகச் சட்டையைத் திருப்புவதுபோல் பந்தைத் திருப்பி எடுக்கிறார்கள். பிறகு உள்ளே காற்றுப் பையான பிளாடரை நுழைத்து, லேஸைக் கையாலேயே கோக்கிறார்கள். திருப்பும் வேலை பார்க்கிறவர்களின் தோள்பட்டையை நினைத்தால் விலை அவ்வளவு அதிகமாகத் தோன்றாது.

அளவு விஷயத்தில் லீக் கறாராக இருக்கிறது. நீளம் 11 முதல் 11¼ அங்குலம். நீளவாட்டுச் சுற்றளவு 28 முதல் 28½. குறுக்குச் சுற்றளவு 21 முதல் 21¼. எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது சுமார் 397 முதல் 425 கிராம். காற்றழுத்தம் 12.5 முதல் 13.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு).

கல்லூரியிலிருந்து வரும் இளம் குவாட்டர்பேக்குக்கு இங்கேதான் முதல் வேறுபாடு. கல்லூரிப் பந்துக்கும் எடையும் அழுத்தமும் இதேதான். சுற்றளவில் விதி கொஞ்சம் தாராளம்: குறுக்கில் 20¾ வரை, நீளவாட்டில் 27¾ வரை இறங்கலாம். கால் அங்குலம்தானே என்று தோன்றும். விரல் நுனியில் அந்த 6 மில்லிமீட்டர் நன்றாகவே தெரியும், அதுவும் கை சின்னதாக இருப்பவருக்கு. கல்லூரிப் பந்தில் லேஸை ஒட்டிய இரண்டு பேனல்களில் மட்டும் அரைவட்டமாக வெள்ளைப் பட்டை இருக்கும், டியூக்கில் கிடையாது. பல வருடம் ஆள்காட்டி விரலை அந்தப் பட்டையை வைத்தே இடம் கண்டு பழகியவருக்கு டியூக் ஒரு வெறும் சுவர் மாதிரி இருக்கும். பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களுக்கும் சிரமம் உண்டு. சுழன்று வரும் பந்தில் பட்டை கண்ணுக்கு ஓர் அடையாளம். அது இல்லாமல், அதுவும் மங்கிய வெளிச்சத்தில், பந்தின் முனை எந்தப் பக்கம் சாய்கிறது என்று படிக்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

கை அளவைப் பற்றிய பேச்சு ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு முன் கிளம்பிவிடும். விரித்த கையின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம். 2022-இல் கென்னி பிக்கெட்டுக்கு 8½ வந்ததும் பெரிய களேபரம். பிக்கெட் அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று ஜெட்ஸ் அணிக்கு எதிராக இரண்டாம் பாதியில் முதல்முறையாக இறங்கினார். 13 பாஸ் எறிந்தார். 10 தன் ஆட்கள் கையில், 3 எதிரணி கையில். ஒன்றுகூடத் தரையில் விழவில்லை! கை சின்னது என்பதால்தான் இந்த மூன்றும் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. அதில் ஒன்று ஆட்டம் முடியும் நொடியில் கடவுளே என்று தூக்கிப் போடுகிற நீளப் பாஸ். ஆனால் கை சின்னதாக இருப்பவர் டியூக்கைப் பிடிக்கும் இடத்தைக் கொஞ்சம் பின்னால், பந்து ஒல்லியாகும் வால்பக்கம் தள்ள வேண்டும் என்பது உண்மை. அப்படித் தள்ளும்போது லேஸில் பதியும் விரல்கள் குறையும். அந்த இழப்பைத் தோலின் பிடிப்புதான் ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் பந்தைப் பழக்கும் வேலைக்கு இவ்வளவு மதிப்பு.

புதுப் பந்தை எடுத்துப் பாருங்கள். சிவப்பு கலந்த பழுப்பு, மேலே மெழுகு பூசியது போன்ற மினுமினுப்பு. புள்ளிப்புள்ளியாக எழும்பிய மேடுகளை நகத்தால் வருடினால் சர்ரென்று சத்தம் வரும். உள்ளங்கையால் வருடினால் வழுக்கும். இரண்டும் ஒரே பந்தில் எப்படி என்றால், மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் பூச்சு தேங்கி நிற்கிறது, மேடுகளின் தலையோ இன்னும் இறுகிய பளபளப்போடு இருக்கிறது. பள்ளத்தைக் காலி செய்ய வேண்டும், மேட்டின் தலையை லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும், தோலுக்குள் கொஞ்சம் எண்ணெய்ப்பசை ஏற்ற வேண்டும். பழக்குவது என்றால் இவ்வளவுதான்.

செய்முறைக்கு வருவோம். ஒரு துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து, பந்து முழுக்க ஒருமுறை துடையுங்கள். தோல் ஈரமாகத் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. உடனே குதிரைமயிர் பிரஷ்ஷால் ஒரு பேனலுக்கு ஐந்து நிமிடம் வீதம் தேயுங்கள்: முதலில் நீளவாட்டில், பிறகு குறுக்கே, கடைசியில் தையல் ஓரங்களில். துண்டில் பழுப்புச் சாயம் இறங்கும். பயப்பட வேண்டாம், அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் பந்துக்கென்றே விற்கும் கண்டிஷனரைச் சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து, ஒவ்வொரு பேனலிலும் உள்ளங்கைச் சூட்டாலேயே தேய்த்து இறக்குங்கள். அரைமணி கழித்து மறுபடி பிரஷ். பிறகு எறியத் தொடங்கலாம். இருநூறு முந்நூறு எறி தாண்டிய பிறகு இதே சுற்றை இன்னொருமுறை செய்தால் பந்து அடர்பழுப்புக்கு வந்துவிடும். உள்ளங்கையில் லேசாக ஒட்டி விடுவது போன்ற பிடிப்பு கிடைக்கும். பிரஷ்ஷை டிரில்லில் மாட்டி வேலையைச் சுருக்குகிறவர்களும் உண்டு. வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டினால் தவறில்லை. பேஸ்பாலில் புதுப் பந்தின் பளபளப்பை எடுக்கத் தடவும் ஆற்றுச் சேற்றை என்.எஃப்.எல். அணிகள் சிலவும் பயன்படுத்துகின்றன.

கெடுத்துக்கொள்வதும் இதே கட்டத்தில்தான். தண்ணீர் அதிகமானால் தோல் உறிஞ்சி உப்பும்; காய்ந்த பிறகும் பந்து பழைய வடிவத்துக்குச் சரியாகத் திரும்பாது, தொப்பை போட்டதுபோல் நடு பருத்துவிடும். அவசரத்துக்கு ஹேர்டிரையர் காட்டினால் எண்ணெய்ப்பசை போய்த் தோல் விறைக்கும், தையல் ஓரம் வெடிக்கத் தொடங்கும். கம்பி பிரஷ் மேடுகளையே சீவித் தள்ளிவிடும். அதன்பின் எந்தக் கண்டிஷனரும் அந்தப் பந்தைக் காப்பாற்றாது. கண்டிஷனரை அள்ளி அப்பினால் பிடிப்பு கூடும் என்பதும் தவறான எண்ணம். பள்ளங்கள் மறுபடி நிரம்பி, விட்ட இடத்துக்கே வந்து நிற்பீர்கள், கூடவே மண்ணும் ஒட்டும். லேஸ் மேல் கண்டிஷனர் படவே கூடாது. அது வறட்டென்று இருந்தால்தான் விரல் மாட்டும்.

அணிகள் இதை ஏன் இவ்வளவு கவனமாகச் செய்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998 செப்டம்பர் 6, இண்டியானாபொலிஸ்: பெய்டன் மானிங்கின் முதல் ஆட்டம். மயாமிக்கு எதிராக 302 கெஜம் எறிந்தார், மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பாஸ்) கொடுத்தார், அணி 24–15 என்று தோற்றது. அந்தக் காலத்தில் சொந்த மைதானத்து அணி தரும் பந்துகளைத்தான் இரு தரப்பும் பயன்படுத்த வேண்டும். வெளியூர் போனால் யாரோ ஒருவர் தயார் செய்த பந்துதான் கைக்கு வரும். 2006-இல் மானிங்கும் டாம் பிரேடியும் மற்ற குவாட்டர்பேக்குகளைத் திரட்டிக் கேட்டு, அவரவர் பந்தை அவரவர் கொண்டுவரலாம் என்று விதியை மாற்றவைத்தார்கள். இன்று ஒவ்வோர் அணியும் 12 பந்தும், மாற்றுக்கு இன்னொரு 12-மாக 24 பந்துகளை ஆட்டம் தொடங்க 2 மணி 15 நிமிடம் முன்பே சோதனைக்குக் கொடுக்க வேண்டும். உதைப்பதற்கான பந்துகள் 1999 முதல் தனிக் கணக்கு. குவாட்டர்பேக் பழக்கிய பந்து உதைப்பவரின் காலுக்குப் போகாது.

காற்றழுத்தம் பற்றித் தெரியாமல் டியூக்கை வைத்திருப்பதில் பொருளில்லை. 2015 ஜனவரி 18 அன்று நியூ இங்கிலாந்து – இண்டியானாபொலிஸ் ஆட்டத்தில் கிளம்பிய பந்துக் காற்று விவகாரம் (நியூ இங்கிலாந்து அணி தன் பந்துகளில் காற்றைக் குறைத்தது என்ற குற்றச்சாட்டு) அந்த அணியின் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடையில் போய் முடிந்தது. அதில் யார் சொன்னது சரி என்ற வழக்கு இங்கே வேண்டாம். பந்து வைத்திருப்பவருக்குப் பயன்படுவது அதிலுள்ள இயற்பியல். 22 டிகிரி செல்சியஸ் அறையில் 12.5-க்கு அடித்த பந்தை 9 டிகிரி வெளியில் கொண்டுபோனால், ஒரு துளிக் காற்றும் கசியாமலேயே சுமார் 11.3-க்கு இறங்கிவிடும். கேஜ் (அழுத்தமானி) காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை மட்டும். சுருங்குவதோ வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்த மொத்த 27.2-இல் கணக்காகிறது. சின்னக் குளிருக்கே கேஜ் முள் இவ்வளவு விழுவது அதனால்தான். தலைகீழாகவும் நடக்கும்: 5 டிகிரிக் குளிரில் நின்று 13-க்கு அடித்து, 25 டிகிரி அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் 15-ஐத் தொடும். அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் தோல் நீண்டு, பந்து அளவு மீறிப் பெருக்கும். எறியப் போகும் இடத்தின் குளிரில் அரைமணி வைத்துவிட்டு அங்கேயே அழுத்தத்தைச் சரிபார்ப்பதுதான் முறை. குளிரில் ஏற்றிய பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்.

கேஜையும் முழுதாக நம்ப வேண்டாம். அந்த விவகாரத்தில் நடுவர்களிடம் இருந்த இரண்டு கேஜ்களே ஒரே பந்துக்கு 0.3 முதல் 0.45 வரை வித்தியாசம் காட்டின. ஒரே கேஜை வைத்துக்கொண்டு, அது காட்டும் எந்த எண்ணில் பந்து உங்கள் கைக்குச் சரியாக இருக்கிறது என்று பிடித்துக்கொள்வது உத்தமம். கை சின்னது என்றால் 12.5 பக்கம், கை பெரியது, பந்து விறைப்பாக இருந்தால்தான் பிடிக்கும் என்றால் 13.5 பக்கம். ஊசியை வால்வில் நுழைக்குமுன் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஊசியைத் திருகிக் குத்துவதால்தான் பெரும்பாலான பிளாடர்கள் போகின்றன. பந்து மெதுவாக இளைக்கிறது என்று சந்தேகம் வந்தால் முழுப் பந்தையும் தண்ணீரில் அமுக்காமல், வால்வின் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வு. வராவிட்டால் பிளாடர், அதை வீட்டில் மாற்ற முடியாது.

மழை டியூக்கின் பலவீனம். இது தோல், தண்ணீர் குடிக்கும். நனைந்த பந்து கனக்கும், பழக்கி வைத்த பிடிப்பு முழுக்கப் போகும். லீக் ஆட்டங்களில் பந்தை மாற்றிக்கொண்டே இருக்க ஆள் இருக்கிறது. ஒற்றைப் பந்தோடு பயிற்சி செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. மழைநாளுக்கு மலிவான செயற்கைத்தோல் பந்தே போதும். நல்ல டியூக்கை மழையில் இறக்குவது வீண் செலவு.

லேஸ் நன்றாக இருக்கிறது. எழும்பி நிற்கிறது, தேயவும் நாளாகிறது. ஒரே குறை, புதிதில் அதன் ஓரங்கள் கூர்மையாக இருப்பதால் தொடர்ந்து நூறு பாஸ் எறிந்தால் மோதிர விரலின் உட்பக்கம் சிவந்துவிடும். மோதிர விரலும் சுண்டுவிரலும் லேஸ் மேல், ஆள்காட்டி விரல் லேஸை விட்டு விலகி வால்பக்கத் தையலுக்கு அருகில், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி: பரவலாக உள்ள பிடி இது. பிடி தெரிந்தால் மட்டும் போதாது. சென்டர் என்ற முன்வரிசை வீரர் பின்னால் தரும் ஸ்னாப்பில் வந்த பந்தில் லேஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல், பின்னால் நகர்ந்தபடியே விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். முதல் ஆட்டக்காரர்கள் தடுமாறும் இடங்களில் இது ஒன்று. கல்லூரியில் நான்கைந்து கெஜம் பின்னால் நின்றே ஸ்னாப் வாங்கிப் பழகியவர், சென்டரின் பின்னால் ஒட்டி நின்று வாங்க வேண்டி வரும்போது கை உறுதியாக மூடுவதற்குள் கால் நகர்ந்துவிடும், பந்து தரையில். டியூக் பழக்கப்படாமல் வழவழப்பாக இருந்தால் இது இன்னும் மோசம். பந்தை இரண்டு கைக்குள் சுழற்றிவிட்டு, கண்ணை நிமிர்த்தியபடியே லேஸைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைத் தினம் ஐம்பது தடவை செய்யலாம். இதற்கு மைதானம்கூட வேண்டாம், நாற்காலி போதும்.

கையுறை போட்டு எறிகிறவர் கையுறையோடுதான் பந்தைப் பழக்க வேண்டும். குவாட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் 2014-இல் அணிகளின் ஆட்கள் முன்னால் வழக்கமான கையுறையைக் கழற்றிவிட்டு எறிந்து சொதப்பியது ஊரறிந்த கதை. வெறுங்கைக்குப் பிடித்தமான பசை கையுறைக்கு அதிகமாகிப்போகும். பந்து விரலை விட்டுத் தாமதமாகக் கழன்று, தரையை நோக்கிப் போகும். கண்டிஷனரைப் பாதியாகக் குறைத்து, பிரஷ் வேலையைக் கூட்டினால் சரியாகும்.

எதை வாங்குவது? ‘டியூக்’ என்று எழுதியிருப்பதெல்லாம் தோல் அல்ல. ‘ரெப்ளிகா’ என்று வருவது செயற்கைத்தோல். பெயரும் லோகோவும் அப்படியே இருக்கும், விலை பல மடங்கு குறைவு. அதை எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் மாறாது, ஏனென்றால் ஏற்றுவதற்கு உள்ளே தோல் இல்லை. அலமாரியில் வைக்கவும் தெருவில் விளையாடவும் அது போதும். கல்லூரி வரை ஆடுகிறவர் தன் லீக் எந்தப் பந்தை ஏற்கிறதோ அதை வாங்கட்டும். பட்டையில்லாத டியூக்கில் பழகிவிட்டு ஆட்டத்தன்று பட்டையுள்ள பந்தை எடுப்பது தேவையில்லாத குழப்பம். 14 வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் முழு அளவுப் பந்தைக் கொடுத்தால் பிடி எட்டாமல் பந்தைத் தள்ளிவிடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வில்சனிலேயே 12 முதல் 14 வயதுக்கும், 9 முதல் 12-க்கும், அதற்கும் சின்னவர்களுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது.

வாங்கினால் இரண்டாக வாங்குவது நல்லது. ஒன்றைப் பழக்கி எறிந்துகொண்டிருக்கும்போதே மற்றதைத் தேய்க்கத் தொடங்கலாம். ஆள்காட்டி விரல் பதியும் அந்த ஒரே இடத்தில் மேடுகள் தட்டையாகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நாணயம் அளவுக்கு மினுங்கத் தொடங்கும். அன்றைக்குப் பழையதைப் பயிற்சிப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள்.